‘நான் நானாக இல்லை’: மூளைக்குள் மின்முனை வைத்தவர்கள் சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது?

கைகால் நடுக்கமும் அசைவில் மந்தமும் தரும் பார்க்கின்சன் நோய்க்காக மூளைக்குள் மின்முனை பொருத்தும் சிகிச்சை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. நோயாளியின் மூளை அலைகளைத் தானே கவனித்து, மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கருவி ஒன்றுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. மருத்துவர்களும் மெய்யியலாளர்களும் நெடுநாளாகத் தங்களுக்குள் பேசிவந்த கேள்வியை இந்த ஒப்புதல் பொது வாசகர்கள் முன்னும் கொண்டுவந்திருக்கிறது: இத்தகைய கருவி ஒருவரை வேறு ஆளாக்கிவிடுமா?

ஆம் என்போரும் இல்லை என்போரும் உறுதியாகவே பேசுகிறார்கள். ஆனால் ‘ஆள்’, ‘நான்’ என்ற சொற்களை இரு தரப்பும் விளக்காமலேயே கையாள்வதால், ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கி, அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால்தான் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது தெளிவாகும்.

## கருவி செய்வது

இச்சிகிச்சைக்கு ஆழ்மூளைத் தூண்டல் என்று பெயர். பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனபிட், பியர் பொல்லாக் ஆகியோர் 1987-இல் இதன் இன்றைய வடிவத்தைத் தொடங்கிவைத்தனர். நடுக்கத்தை நிறுத்துவதற்காக மூளையின் ஒரு சிறு பகுதியை அழிக்கும் அறுவை சிகிச்சை அப்போது வழக்கத்தில் இருந்தது. அழிக்கவேண்டிய இடத்தில் வேகமான மின்துடிப்புகளைச் செலுத்தினாலே நடுக்கம் நின்றுவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அழித்ததை மீட்க முடியாது. மின்துடிப்பை நிறுத்த முடியும். அமெரிக்காவில் இது நடுக்கத்துக்காக 1997-லும் பார்க்கின்சன் நோய்க்காக 2002-லும் ஒப்புதல் பெற்றது.

மண்டையோட்டில் இட்ட சிறு துளை வழியாக, மெல்லிய கம்பி போன்ற மின்முனை மூளையின் ஆழத்திலுள்ள சப்தலாமிக் நியூக்ளியஸ் என்னும் பகுதிக்குள் செலுத்தப்படுகிறது. அதிலிருந்து வரும் வயர் தோலுக்கு அடியிலேயே கழுத்து வழியாக இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைக்கப்பட்டுள்ள, பேஸ்மேக்கர் போன்ற பேட்டரிப் பெட்டியை அடைகிறது. நொடிக்கு ஏறத்தாழ 130 முறை துடிப்பு செல்கிறது. அளவை மாற்றவோ நிறுத்தவோ மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியதில்லை, வெளியிலிருந்தே மாற்றலாம்.

நியூக்ளியஸ் சில மில்லிமீட்டர் அளவே உள்ளது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அசைவை ஆளும் நரம்புத் தடங்களுக்கு வெகு அருகிலேயே மனநிலையோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள தடங்களும் செல்கின்றன.

1999-இல் பாரிஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு நிகழ்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. பார்க்கின்சன் நோயுள்ள 65 வயதுப் பெண் அவர். முன்பு மனநோய் எதுவும் இருந்ததில்லை. மின்முனையில் உள்ள தொடர்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தபோது, ஒரு புள்ளியில் அவருடைய அசைவுகள் இலகுவாயின. அதற்கு 2 மில்லிமீட்டர் கீழே இருந்த புள்ளியை இயக்கியதும் முகம் வாடி, உடல் ஒரு பக்கம் சாய்ந்து, அவர் அழத் தொடங்கினார். வாழ விருப்பமில்லை, எல்லாம் வீண் என்று தெளிவான சொற்களில் சொன்னார். துடிப்பை நிறுத்திய 90 நொடிக்குள் அந்தத் துயரம் மறைந்தது. அதன்பின் சில நிமிடங்கள் சிரித்து விளையாட்டாகப் பேசினார்.

இதில் மெய்யியலுக்கு முக்கியமானது ஒன்று உண்டு. அந்த நிமிடங்களில் அவர் தம் துயரத்தை ‘நான்’ என்றே தம்முடையதாகப் பேசினார். துயரம் வெளியிலிருந்து தன்மேல் வந்து விழுந்ததாக அவர் சொல்லவில்லை. தன் வாழ்க்கையைப் பார்த்துத் தான் கண்டுகொண்ட உண்மைபோலவே சொன்னார். ஓர் உணர்வு எங்கிருந்து வந்தது என்ற விவரம் அந்த உணர்வின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை.

## ‘ஆள்’ என்ற சொல்லில் இரண்டு கேள்விகள்

“ஆளே மாறிவிட்டார்” என்று நாம் சொல்லும்போது அவர் மறைந்து இன்னொருவர் வந்துவிட்டார் என்று கருதுவதில்லை. யாரைப் பற்றி அப்படிச் சொல்கிறோமோ அதே ஆளிடம்தான் பழைய கடனையும் கேட்கிறோம். அமெரிக்க மெய்யியலாளர் மரியா ஷெக்ட்மன் 1996-இல் வகுத்துக் காட்டிய இரண்டு கேள்விகள் இந்த ஒரே வழக்குத்தொடருக்குள் அடங்கியிருக்கின்றன.

1. நேற்றிருந்தவரும் இன்றிருப்பவரும் ஒருவர்தானா? இது ஒருமை பற்றிய கேள்வி. சொத்துரிமை, குற்றப்பொறுப்பு, திருமண பந்தம் ஆகியவை இதைச் சார்ந்தவை.

2. இந்த விருப்பங்களிலும் செயல்களிலும் பண்புகளிலும் எவை மெய்யாகவே இவருடையவை? இது தன்மை பற்றிய கேள்வி. பாராட்டு, பழி, வருத்தம், தன்மதிப்பு ஆகியவை இதைச் சார்ந்தவை.

முதல் கேள்விக்கு மேலை மெய்யியலில் புகழ்பெற்ற விடையை அளித்தவர் ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக். 1694-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஓர் ஆள் நீடிப்பது உடலாலோ ஆன்மப் பொருளாலோ அல்ல, தன்னுணர்வின் தொடர்ச்சியால்தான் என்று வாதிட்டார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மின்முனை பொருத்தியவர்கள் எல்லோரும் பழைய ஆட்களே. தம் பெயரும் குழந்தைப்பருவமும் அவர்களுக்கு நினைவில் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குத் தாமே சம்மதித்ததும் நினைவில் இருக்கிறது. கருவி ஒருவரை அழித்து வேறொருவரை உண்டாக்குகிறது என்ற அச்சத்துக்கு இவ்வளவில் விடை கிடைத்துவிடுகிறது. நோயாளிகளை வருத்துவது இரண்டாம் கேள்விதான்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பாரிஸ் ஆய்வாளர்கள், இச்சிகிச்சை பெற்ற 29 பேரை அறுவைக்கு முன்பும், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்பும் விரிவாகப் பேட்டி கண்டனர். உடல் அசைவு எல்லோரிடமும் பெரிதும் மேம்பட்டிருந்தது. ஆயினும் பலர் தம்மையே தமக்கு அடையாளம் தெரியவில்லை என்றும், எந்திரம்போல் உணர்வதாகவும் சொன்னார்கள். அறுவைக்கு முன் வேலையில் இருந்த 16 பேரில் 9 பேரே வேலைக்குத் திரும்பினார்கள். கை நடுக்கம் நின்றபின் எதற்காக வாழ்வது என்று தெரியாமல் நின்றவர்கள் அவர்களுள் இருந்தார்கள். இந்தச் சொற்களைப் பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுவது பெரும் தவறு.

## தனக்கு உண்மையாயிருத்தல்: எந்தத் தனக்கு?

‘இது என்னுடையது’, ‘இது என்னுடையதல்ல’ என்று பிரிக்க அளவுகோல் ஒன்று வேண்டும். பொதுவாக முன்வைக்கப்படுபவை இவை:

1. கண்டடைதல். ஒவ்வொருவருக்குள்ளும் மாறாத ஒரு மெய்யியல்பு இருக்கிறது. அதனோடு ஒத்தது உண்மை, ஒவ்வாதது போலி. “பழைய ஆளாகிவிட்டார்” என்று மகிழும் குடும்பத்தார் இந்தக் கொள்கையைத்தான் பேசுகிறார்கள்.

2. ஆக்கிக்கொள்ளுதல். மெய்யியல்பு முன்கூட்டியே கிடப்பதல்ல. தேர்வுகளால் ஆளே தன்னை உருவாக்குகிறார். இதன்படி, கருவியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால் வந்த மாற்றமும் அவருடையவையே.

3. உடன்படுதல். 1971-இல் அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி பிராங்க்ஃபர்ட் முன்வைத்தது இது. நமக்கு ஆசைகள் மட்டுமல்ல, ஆசைகளைப் பற்றிய ஆசைகளும் உண்டு. போதைக்கு அடிமையான ஒருவர் அதை விரும்புகிறார். அந்த விருப்பமே தன்னிடம் இருக்கக்கூடாது என்றும் விரும்புகிறார். எந்த ஆசையோடு அவர் மேல்நிலையில் உடன்படுகிறாரோ அதுவே அவருடையது.

மூன்றாவதற்குத் தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. “நான் என் வசத்தில் இல்லை” என்று ஒருவர் சொல்லும்போது, ஆசையும் செயலும் தம்மிடம்தான் நிகழ்கின்றன, ஆனால் தம் உடன்பாடின்றி நிகழ்கின்றன என்பதைத்தான் உரைக்கிறார். ‘பழைய ஆள்’ என்பதைவிடத் ‘தன்வசம்’ என்பது கூர்மையான கருவி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பழைய ஆள் என்று எதைக் கொள்வது? நோய்க்கு முன்னிருந்தவரையா, பத்து ஆண்டு நோயோடு பழகியவரையா, இந்நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரையின் வேகம் ஏறியிறங்கும் வேளைகளில் இருந்தவரையா? காலத்தில் ஒரு புள்ளியைத் தேர்ந்து அதற்கு மெய் என்று முத்திரையிடக் காரணம் எதுவும் இல்லை.

ஆனால் தன்வசம் என்ற அளவுகோலிலும் ஓர் ஓட்டை உண்டு. மனஎழுச்சியில் (மேனியா எனப்படும் அளவுமீறிய உற்சாக நிலையில்) இருப்பவர் தம் எழுச்சியோடு முழு மனத்தோடு உடன்படுகிறார். மின்னோட்டம் ஆசையை மட்டும் மாற்றாமல் அந்த ஆசையின் மேலுள்ள உடன்பாட்டையும் சேர்த்தே மாற்றிவிட்டால், ஒரு கணத்தில் நின்று கேட்கும் “இது உங்களுடையதுதானா?” என்ற கேள்விக்குப் பயனில்லை.

## உள்ளே பார்த்தால் தெரியுமா?

தன்னைத் தானே அறிவதில் யாருக்கும் தடையில்லை என்பது நெடுங்கால நம்பிக்கை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட சோதனை அதை அசைத்தது. இரண்டு முகப்படங்களைக் காட்டி, அழகானது எது என்று கேட்டார்கள். தேர்ந்தெடுத்த படத்தைக் கையில் கொடுப்பதுபோல், சிறு கைத்திறனால், தேர்ந்தெடுக்காத படத்தைக் கொடுத்து, ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று வினவினார்கள். பெரும்பாலான முறைகளில் மாற்றம் கவனிக்கப்படவில்லை. மாறாக, காரணங்கள் சரளமாக வந்தன. காதணி பிடித்திருந்தது என்று விளக்கியவர் உண்டு. அவர் முதலில் தேர்ந்த படத்தில் இருந்தவர் காதணியே அணிந்திருக்கவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் தேர்வுகளுக்கு நாம் சொல்லும் காரணம் பல வேளைகளில் உள்ளே கண்ட காட்சி அல்ல, கையிலுள்ள சான்றைக் கொண்டு அப்போதே கட்டிய விளக்கம். எல்லோருக்கும் பொதுவான இந்த இயல்பு, மின்முனை பொருத்தியவர்களிடம் பெரிதாகத் தெரிகிறது.

நெதர்லாந்து மருத்துவர்கள் 2014-இல் விவரித்த ஒருவரின் கதை இதைக் காட்டும். அறுபதை ஒட்டிய வயதினர். வேண்டாத எண்ணங்கள் விடாமல் திரும்பத்திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயால் (OCD) 46 ஆண்டுகளாக அவதிப்பட்டவர். அவருக்கு மூளையின் வேறொரு பகுதியில் மின்முனை பொருத்தப்பட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ், பீட்டில்ஸ், டச்சுப் பாடல்கள் என்று அளவாகக் கேட்டுவந்த அவர், சிகிச்சைக்குச் சில மாதங்களுக்குப் பின் வானொலியில் தற்செயலாக அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் குரலைக் கேட்டு ஆழ்ந்து நெகிழ்ந்தார். அதுமுதல் கேஷின் பாடல்களையே கேட்டார். குறுந்தகடுகளையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். கருவியின் பேட்டரி தீர்ந்துபோகும்போது மட்டும் பழைய பாடல்களுக்குத் திரும்பினார். ஜானி கேஷ் தானாகவே விலகிப்போனார்.

அந்த ரசனை போலியா? பாடலைக் கேட்டு நெகிழ்ந்தவர் அவரே. அதை வெறுத்து விரட்ட முயலவும் இல்லை. நண்பர் அறிமுகப்படுத்தியோ காதலில் விழுந்தோ ஒருவருக்குப் புதிய ரசனை வந்தால் அதைப் போலி என்போமா? தோற்றுவாய் விந்தையானது என்பதாலேயே ஒரு விருப்பம் அந்நியமாகிவிடாது என்றே கருதவேண்டியிருக்கிறது. அதே சமயம், அவர் தம் ரசனைக்கு என்ன காரணம் சொன்னாலும் அதில் பேட்டரி இடம்பெறாது. அதைப் புறத்திலிருந்து பார்ப்பவர் சொல்லித்தான் அவர் அறிய முடியும்.

## ‘உணர்த்த உணர்தல்’

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் வகுத்த ஒரு கருத்து துணைசெய்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா, உயிர் ஒன்று உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. ‘எனது உடல்’ என்று சொல்வதால் சொல்பவர் உடலினின்றும் வேறு என்பது அவற்றுள் ஒன்று. ‘உணர்த்த உணர்தலின்’ என்பது மற்றொன்று. உயிர் தானாக எல்லாம் அறிவதில்லை, அறிவிக்க அறிகிறது. அடுத்த நூற்பா, மனம் முதலிய அந்தக்கரணங்களை அமைச்சர்களாகவும் உயிரை அரசனாகவும் உவமிக்கிறது. இவற்றோடு ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்ற கொள்கையும் சேர்கிறது: செம்மலரை அடுத்த படிகம் சிவப்பதுபோல், உயிர் எதைச் சார்கிறதோ அதன் இயல்பை ஏற்று நிற்கும்.

சித்தாந்தம் பேசுவது உயிரைப் பிணித்த மாசான மலம் நீங்குவதையும் திருவருளையும், உணர்த்துபவன் இறைவன். மின்முனையைப் பற்றி அது எதுவும் சொன்னதாகக் காட்டுவது நூலுக்குச் செய்யும் அநீதி. ஆனால் அதன் அமைப்பில் இரண்டு தெளிவுகள் கிடைக்கின்றன. படிகத்தின் இயல்பே வண்ணம் ஏற்பது என்றால், எந்த வண்ணமும் ஏறாத ‘தூய நான்’ ஒன்றைத் தேடிப்பிடித்து அதனோடு ஒப்பிடுவது அன்றாட வாழ்வில் இயலாது. இன்னொன்று, தன்னை அறிவதற்கு இன்னொருவர் உணர்த்தவேண்டியிருப்பது ஒரு குறைபாடல்ல, அறியும் உயிரின் இயல்பான நிலையே என்பது. அரசன் அமைச்சர் சொல்கேட்டே நாட்டை அறிகிறான். அமைச்சர் ஒருவர் பிறழ்ந்தால் அரசனுக்கு அது உள்ளிருந்து தெரியாது.

## மாஸ்ட்ரிக்ட் நோயாளியின் தேர்வு

மேற்கண்டவை எல்லாம் ஒன்றாய்த் திரண்டு நிற்கும் நிகழ்வு, 2004-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவர்கள் வெளியிட்டது. 62 வயது ஆண். பார்க்கின்சன் நோய்க்கு மின்முனை பொருத்தப்பட்டவர். மூன்று ஆண்டுகள் கழித்து அவருக்கு மனஎழுச்சி நோய் தோன்றியது. தம்மைப் பற்றிய மிகையான எண்ணமும் ஒழுங்கற்ற நடத்தையும் அவரைப் பெருங்கடனில் தள்ளின. மருந்துகள் பயனளிக்கவில்லை. மின்னோட்டத்தைச் சரிசெய்தபோது மனம் தெளிந்தது, முடிவெடுக்கும் திறனும் திரும்பியது. ஆனால் நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு கிடைக்கவே இல்லை.

ஆகவே இருந்தவை இரண்டு வழிகள். கருவி ஓயும்போது தெளிந்த மனத்தோடு, எழுந்திருக்க இயலாமல், பராமரிப்பு இல்லத்தில் இருப்பது. கருவி இயங்கும்போது நடமாட்டத்தோடு, தெளிவின்றி, மனநல மருத்துவமனையில் அடைபட்டிருப்பது. எந்த நிலையில் அவரிடம் கேட்பது? எழுச்சி நிலையில் கேட்டால் பதில் செல்லாது. எனவே கருவியை ஓயவைத்து, தெளிவாக இருக்கும்போது கேட்டார்கள். அவர் கருவி இயங்கவேண்டும் என்றார். அதன்படியே செய்தார்கள்.

இத்தேர்வு அவருடையதுதானா? கண்டடைதல் கொள்கையினர், கருவி ஓய்ந்த நிலையே மெய்யான அவர் என்பதால் அவர் சொல் செல்லும் என்பார்கள். அக்காரணம் ஏற்கத்தக்கதல்ல. ஓய்ந்த நிலையும் முற்றிய நோயின் நிலைதான். அதுவும் ஒரு வண்ணம். தேர்வை அவருடையதாக்குவது வேறு. அவர் இரண்டு நிலைகளிலும் வாழ்ந்திருந்தார். ஒவ்வொன்றின் விலையும் அவருக்குத் தெரியும். பிறர் எடுத்துச்சொல்லக் கேட்டு, காரணம் கூறி, ஒன்றைத் தேர்ந்தார்.

எனினும் மனத்தை உறுத்தும் ஒரு செய்தி எஞ்சுகிறது. தேர்ந்தெடுத்தபின் அதை மறுபரிசீலனை செய்யும் திறனைத்தான் அவர் விட்டுக்கொடுத்தார். அதனால், குறிப்பிட்ட இடைவெளிகளில் கருவியை ஓயவைத்து அவரிடம் மறுபடி கேட்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்பதே சரியான முடிவாகும். படுக்கையில் விழும் வேதனையை அவர் அதற்காக ஒவ்வொரு முறையும் பட்டாகவேண்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

## எல்லாப் பழியும் கருவிக்கா?

ஃபிரெடெரிக் கில்பர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2018-இல் எழுதிய கட்டுரை, கருவி ஆளுமையை மாற்றுகிறது என்ற கூற்றுக்குக் கிடைக்கும் நேரடிச் சான்று மெலிந்தது என்று எச்சரித்தது. சில தனி நிகழ்வுகளே திரும்பத்திரும்பக் காட்டப்படுகின்றன. பார்க்கின்சன் நோயே மனத்தைத் தாக்குவது. அதற்குத் தரும் டோபமைன் வகை மாத்திரைகள் சிலரைச் சூதாட்டத்தில் தள்ளுகின்றன. அறுவைக்குப்பின் மாத்திரையைக் குறைத்தாலோ சோர்வும் ஊக்கமின்மையும் வரலாம். இவற்றோடு, நெடுநாள் நோயாளி திடீரென நலமடையும்போது வீட்டில் எல்லோரின் இடமும் மாறுகிறது. நோயும் மாத்திரையும் மின்னோட்டமும் குடும்பமும் ஒன்றாகக் கலந்த நிலையில், ‘நான் நானாக இல்லை’ என்பதன் காரணத்தை அதைச் சொல்பவரால் பிரித்துக்காட்ட முடியாது.

## நடைமுறையில் இதனால் மாறவேண்டியவை

1. ஒப்புதல் பெறும் உரையாடல். இரத்தக்கசிவு, தொற்று ஆகிய ஆபத்துகளை விளக்குவதோடு நிறுத்தாமல், தம்மிடம் எவை மாறாதிருக்கவேண்டும், எவை மாறினாலும் தாங்கிக்கொள்ளலாம் என்பதை நோயாளியின் சொந்தச் சொற்களில் அறுவைக்கு முன்பே எழுதி வைக்கவேண்டும். பின்னாளில் ஒப்பிடுவதற்கு அவரே தந்த அளவுகோல் இருக்கும்.

2. சாட்சி. மறதி நோய் (டிமென்ஷியா), பக்கவாதம்போல் உடலை முடக்கும் நரம்புநோய் முதலியவற்றால் தாக்கப்பட்டோரின் குடும்பத்தார் 248 பேரிடம் நீனா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இவர் பழைய ஆள் இல்லை’ என்ற எண்ணத்தை எழுப்பியது பெரும்பாலும் நினைவிழப்பு அல்ல. பரிவு, நேர்மை போன்ற அறப்பண்புகளின் மாற்றமே. அத்தகைய மாற்றத்தை மருத்துவமனைச் சோதனை எளிதில் காட்டாது. உடன் வாழ்பவர் கண்ணில் அது முதலில் படும். ஆனால் சாட்சியும் பக்கச்சார்பற்றவர் அல்லர். நோயாளி தம்மையே சார்ந்திருந்த காலத்தைத்தான் ‘பழைய ஆள்’ என்று குடும்பம் நினைவில் வைத்திருக்கக்கூடும். ஆகவே ஒருவருக்கு மேற்பட்டவர்களைக் கேட்பதும், நோயாளி எதிரில் கேட்பதும் நல்லது.

3. தானியங்கிக் கருவி. 2025-இல் ஒப்புதல் பெற்ற கருவி முக்கியமாகக் கவனிப்பது பீட்டா என்னும் மூளை அலைகளை. நொடிக்கு 13 முதல் 30 வரையான இந்த அலைகள் அசைவின் மந்தத்தோடும் இறுக்கத்தோடும் தொடர்புடையவை. மனநிலையை அது கண்காணிப்பதில்லை. இதுவரை ‘இந்த அளவில் இப்படி இருந்தார், அந்த அளவில் அப்படி இருந்தார்’ என்று இரண்டு நிலையான அளவுகளை ஒப்பிட முடிந்தது; மாஸ்ட்ரிக்ட் நோயாளியிடம் கேள்வி கேட்க முடிந்ததே அதனால்தான். நாள் முழுதும் அளவு ஏறியிறங்கினால் அந்த ஒப்பீடு நழுவிவிடும். ஆனால் கருவி தன் மின்னோட்ட அளவுகளை நேரத்தோடு பதிவுசெய்து வைக்கிறது. மாலை ஆறு மணிக்குக் காரணமின்றி எரிந்து விழுந்தார், இரவு பத்து மணிக்கு அழுதார் என்று வீட்டார் தேதியும் நேரமும் இட்டு எழுதும் நோட்டை அந்தப் பதிவுக்குப் பக்கத்தில் வைத்து, மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே படிக்க முடியும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அந்த நோட்டை எழுதத் தொடங்கினால், கருவி பொருத்துவதற்கு முந்தைய மாலைகளும் அதில் இருக்கும்.